ஐபி கேமராவும் பதிவு மென்பொருளும்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

நான்கு ஐபி கேமரா (வீட்டு நெட்வொர்க் வழியே படம் அனுப்பும் கேமரா) போதுமான ஒரு வீடு. மாதச் சந்தா கட்டும் கிளவுட் சேவை வேண்டாம், பதிவு நம் கையிலேயே இருக்க வேண்டும். எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம், வைஃபை போதுமா, என்விஆர் பெட்டி (கேமராப் படங்களைப் பதிவு செய்வதற்கென்றே உள்ள தனிப் பெட்டி) வாங்குவதா, சும்மா கிடக்கும் பழைய கணினியில் மென்பொருள் போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்விகளோடு நானும் ஒரு காலத்தில் அலைந்திருக்கிறேன். பிறகு உறவினர், நண்பர் வீடுகளுக்கும் அமைத்துக் கொடுத்தேன். அதில் கற்றதைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரும் கேமரா மாடலைத் தேடித்தான் தொடங்குகிறார்கள். நீங்கள் ஒரு வெள்ளைத்தாளில் தொடங்குங்கள். வீட்டின் வரைபடத்தைக் கோட்டுப் படமாகப் போட்டு, கேமரா வைக்க நினைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். "இங்கே யாராவது வந்தார்களா?" "வந்தது யார்?" "வண்டி எண் என்ன?" இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகள். மூன்றையும் ஒரே கேமரா செய்துவிடும் என்று நம்பி வாங்கியதால் வந்த ஏமாற்றங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஏதோ களவு போன பிறகு பதிவைத் திறந்தால், ஓர் உருவம் சுவர் ஏறிக் குதிப்பது தெளிவாகத் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மங்கலாகச் சில சதுரங்கள் இருக்கும்.

இதை வாங்கும் முன்பே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரத்தின் 2014 பதிப்பு இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. காட்சியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு எத்தனை பிக்சல் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 25 விழுந்தால் அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரியும். 62 விழுந்தால் என்ன உடுத்தியிருக்கிறார், என்ன செய்கிறார் என்று சொல்லலாம். 125 இருந்தால், நமக்கு ஏற்கெனவே தெரிந்தவராக இருந்தால் 'இவர்தான்' என்று சொல்லிவிடலாம். முன்பின் அறியாத ஒருவரைச் சந்தேகமின்றி அடையாளம் காட்ட 250 வேண்டும். முகத்தின் அகலம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் என்று வைத்தால், 250 என்பது முகத்தின் குறுக்கே வெறும் 40 பிக்சல். அந்த 40 கூட இல்லாமல்தான் பல வீடுகளில் கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 2.8 மி.மீ. லென்ஸ். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறினாலும், சுமார் 100 டிகிரி அகலத்தைப் பிடிக்கும். 10 மீட்டர் தூரத்தில் அந்தக் காட்சியின் அகலம் கிட்டத்தட்ட 24 மீட்டர். 8 மெகாபிக்சல் கேமராவின் படத்தில் குறுக்கே 3840 பிக்சல். 3840-ஐ 24-ஆல் வகுத்தால் 160. தெரிந்தவரை அடையாளம் காணப் போதும், தெரியாதவருக்குப் போதாது. இப்போது 4 மெகாபிக்சல் கேமரா ஒன்றை எடுங்கள். குறுக்கே 2560 பிக்சல்தான். ஆனால் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் பார்வை சுமார் 54 டிகிரியாகச் சுருங்கும். அதே 10 மீட்டரில் காட்சி அகலம் 10 மீட்டர் சொச்சம், ஆகவே மீட்டருக்கு 250. பாதி மெகாபிக்சல் உள்ள கேமரா, சரியான லென்ஸ் போட்டதால் முகத்தைக் காட்டிவிட்டது. கேமரா அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் மெகாபிக்சலும் சின்ன எழுத்தில் லென்ஸும் அச்சிடப்பட்டிருக்கும். நீங்கள் சின்ன எழுத்தை முதலில் படியுங்கள்.

நான்கு கேமராவில் இரண்டை அகலப் பார்வைக்கும் இரண்டை நெருக்கப் பார்வைக்கும் ஒதுக்குவது என் வழக்கம். அகலமானவை நடந்தது என்ன என்ற கதையைச் சொல்லும். நெருக்கமானவை வாயிற்படி, கேட் போன்று எல்லாரும் கடந்தே ஆக வேண்டிய குறுகலான இடங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். எந்த லென்ஸ் சரியாக வரும் என்று தீர்மானிக்க முடியாத இடத்துக்கு, 2.8 முதல் 12 மி.மீ. வரை மாற்றிக்கொள்ளும் வேரிஃபோக்கல் கேமரா ஒன்று வாங்குங்கள். வண்டி எண்ணை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரவில் நம்பர் பிளேட்டைப் படிக்க, அதற்கென்றே ஷட்டர் வேகத்தைக் கூட்டி, நெருக்கமாக ஜூம் செய்து வைத்த தனிக் கேமரா வேண்டும். அந்த அமைப்பில் சுற்றுப்புறம் முழுக்க இருட்டாகத்தான் தெரியும்.

உயரமும் முக்கியம். யாரும் எட்டிப் பறித்துவிடக் கூடாது என்று 4, 5 மீட்டர் உயரத்தில் மாட்டுகிறார்கள். அங்கிருந்து தெரிவது தலைமுடியும் தொப்பியும்தான். முகம் வேண்டிய கேமராவை இரண்டரை மீட்டர் அளவில் மாட்டுங்கள். யாராவது சேதப்படுத்துவார்கள் என்ற பயமிருந்தால், உயரத்தில் இருக்கும் இன்னொரு கேமரா இந்தக் கேமராவைப் பார்த்தபடி இருக்கட்டும்.

அடுத்து இரவு. பகலில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் இருக்கும். தேர்வு நடப்பது இரவில். இங்கேதான் மெகாபிக்சல் மோகம் நேரடியாகக் கெடுதல் செய்கிறது. 1/2.8 அங்குல சென்சாரில் 8 மெகாபிக்சலை நெருக்கி அடைத்தால் ஒவ்வொரு பிக்சலும் குட்டியாகி, வெளிச்சம் குறைவாக வாங்கும். 1/1.8 அங்குல சென்சாரில் 4 மெகாபிக்சல் இருக்கும் கேமரா, இருட்டில் அதைவிட எவ்வளவோ மேல். லென்ஸின் எஃப் எண்ணையும் பாருங்கள். 2.0-ஐ விட 1.6, 1.6-ஐ விட 1.0 கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும்.

இருட்டில் படம் பளிச்சென்று தெரிவதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். கேமரா ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்துத்தான் அந்த வெளிச்சத்தைச் சேர்க்கிறது. சாதாரணமாக நடப்பவர் நொடிக்கு ஒன்றரை மீட்டர் நகர்வார். ஷட்டர் நொடியில் 12-இல் ஒரு பங்கு திறந்திருந்தால், ஒரே ஃப்ரேமுக்குள் அவர் 12 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார். முகத்தின் அகலமே 16 தானே! நின்றுகொண்டிருக்கும் மரமும் சுவரும் அற்புதமாகத் தெரியும், நடந்து வரும் ஆள் மட்டும் ஆவி போல இழுபட்டுத் தெரிவார். கேமரா அமைப்பில் ஷட்டரைத் தானியங்கியில் விடாமல், அதிகபட்சம் 1/60 அல்லது அதைவிட வேகமாக என்று வரம்பு கட்டுங்கள். படம் கொஞ்சம் இருண்டு போகும், போகட்டும். இருட்டு தாங்க முடியவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு விளக்கு போடுங்கள். விலை உயர்ந்த கேமராவைவிட வாசலில் எரியும் ஒரு எல்இடி விளக்கு அதிகம் உதவிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அகச்சிவப்பு விளக்கில் 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரண்டு வகை. முன்னதில் மங்கலான சிவப்புப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் தூரம் போகும். பின்னது கண்ணுக்குத் தெரியாது, வீச்சு குறைவு. வெளிப்புறத்துக்கு முன்னதே போதும். பக்கத்துச் சுவரோ கூரை விளிம்போ படத்தின் ஓரத்தில் இருந்தால், அகச்சிவப்பு அதில் பட்டுத் திரும்பி, கேமரா தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு மீதிக் காட்சியை இருட்டாக்கிவிடும். கோணத்தைச் சற்றுத் திருப்பினால் சரியாகிவிடும். அந்த விளக்கின் அருகிலேயே சிலந்தி வலை பின்னும். மாதம் ஒருமுறை துணியால் துடைப்பதைத் தவிர இதற்கு நிரந்தரத் தீர்வை நான் கண்டதில்லை.

வடிவத்தைப் பற்றி ஒரே வரி: குவிந்த கண்ணாடி மூடிய டோம் வகையில், கண்ணாடியில் தூசியும் ஈரமும் படிந்தால் இரவில் வெள்ளை மூட்டமாகத் தெரியும் என்பதால், கண் உருண்டை போல இருக்கும் டரட் வகையையே வீடுகளுக்குப் பரிந்துரைக்கிறேன்.

வைஃபை போதுமா என்றால், கம்பி இழுக்க வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் போதும். அலைவரிசை நெரிசலில் படம் விட்டு விட்டு வரும். மின்சாரத்துக்கு எப்படியும் ஒரு கம்பி இழுக்கத்தான் வேண்டும். வைஃபை இணைப்பை வெளியிலிருந்து துண்டிக்கும் கருவிகளும் இருக்கின்றன. பேட்டரியில் ஓடும் கேமராக்கள் அசைவு உணர்ந்த பிறகே விழித்துப் பதிவு செய்யும். விழிப்பதற்குள் ஆள் கடந்து போயிருப்பார். பெரும்பாலானவை வெளி மென்பொருளோடு பேசவும் பேசாது. கம்பி இழுக்க முடிந்த எல்லா இடத்துக்கும் பிஓஇ போடுங்கள். ஒரே ஈத்தர்நெட் கம்பியில் தரவும் மின்சாரமும் போகும், 100 மீட்டர் வரை. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரம் ஒரு போர்ட்டில் 15.4 வாட் தரும். சாதாரணக் கேமராவுக்கு அது தாராளம். சுழலும் கேமராக்களுக்கு 30 வாட் தரும் 802.3ஏடி தேவைப்படலாம். பிஓஇ ஸ்விட்ச் (கேமராக் கம்பிகள் எல்லாம் வந்து சேரும் பெட்டி) வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையோடு மொத்த வாட் அளவையும் பாருங்கள். 8 போர்ட் இருக்கும், மொத்தமே 60 வாட்தான் என்று இருக்கும். எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் இரவு விளக்கைப் போடும்போது ஒன்றிரண்டு அணைந்து அணைந்து எரியும். காரணம் தெரியாமல் கேமராவை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

கம்பியில் மிச்சம் பிடிக்க வேண்டாம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி விலை குறைவாகக் கிடைக்கும். மின்தடை அதிகம் என்பதால் நீண்ட தூரத்தில் மின்னழுத்தம் இறங்கிப்போகும். முழுச் செம்புதான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வெளியில் கேமராவும் கம்பியும் சேரும் இணைப்பைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள். கேமரா தூசியும் தண்ணீரும் தாங்கும் ஐபி67 தரத்தில் இருக்கும், அதன் வால் கம்பியின் நுனியில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்துவிடும். கம்பி சுவருக்குள் நுழையும் முன் சற்றுத் தொய்வாக ஒரு வளைவு விட்டால், மழைநீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

இனி உங்கள் பெரிய கேள்வி: பெட்டியா, மென்பொருளா?

அமைத்து முடித்த பிறகு திரும்பிப் பார்க்க நேரமில்லை, வீட்டில் கணினியோடு மல்லுக்கட்ட யாரும் இல்லை என்றால் என்விஆர் பெட்டி வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மின்சாரம் குறைவாக எடுக்கும், ஆண்டுக்கணக்கில் ஓடும். பின்பக்கம் பிஓஇ போர்ட் உள்ள பெட்டி என்றால் கேமராக்கள் தனி வலையமைப்பில் ஒதுங்கிக்கொள்ளும், அது பாதுகாப்புக்கும் நல்லது. குறை என்னவென்றால், ஆளைக் கண்டுபிடிக்கும் வசதி போன்றவை பெரும்பாலும் அதே நிறுவனத்துக் கேமராவோடு மட்டுமே முழுமையாக வேலை செய்யும். பிறகு வேறு கேமரா வாங்கும்போது கை கட்டப்பட்டிருக்கும்.

மென்பொருள் வழியில் சுதந்திரம் அதிகம், பொறுப்பும் அதிகம். விண்டோஸ் பழகியவர்களுக்கு ப்ளூ ஐரிஸ். கட்டணம் உண்டு, ஆனால் மாதச் சந்தா கிடையாது. அமைப்புகள் காடாக விரிந்து கிடக்கும், பழகிவிட்டால் செய்ய முடியாதது குறைவு. லினக்ஸும் டாக்கரும் (மென்பொருளைத் தனிப் பொட்டலமாக ஓட்டும் கருவி) தெரிந்தவர்களுக்கு ஃப்ரிகேட். திறந்த மூலநிரல், இலவசம். ஆள், வண்டி, நாய் என்று தனித்தனியாகக் கண்டுபிடிக்கும் வேலையை வெளியே எதையும் அனுப்பாமல் வீட்டுக் கணினியிலேயே செய்துவிடும். வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்தில் கட்டுப்படுத்தும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஏஜென்ட் டிவிஆர் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். ஜோன்மைண்டர் பழையது, நம்பகமானது, தோற்றமும் பழையதுதான். ஏற்கெனவே சினாலஜி சேமிப்புப் பெட்டி வைத்திருப்பவர்கள் அதிலுள்ள சர்வைலன்ஸ் ஸ்டேஷனைப் பார்க்கலாம். எத்தனை கேமராவுக்கு உரிமம் கூடவே வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள், கூடுதல் கேமராவுக்குத் தனியாக உரிமம் வாங்க வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், பழைய கணினியில் இன்டெல் 6-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப் இருந்தால் ஃப்ரிகேட் போட்டுப் பார்ப்பேன். அந்தச் சிப்பில் உள்ள கிராபிக்ஸ் பகுதியே எச்.264, எச்.265 என்ற வீடியோச் சுருக்க முறைகள் இரண்டையும் பிரித்துப் படிக்கும். இன்டெலின் ஓப்பன்வினோ மென்பொருள் வழியாக ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையையும் அதுவே செய்யும். இந்த இரண்டையும் அமைப்பில் முறையாக இயக்காமல் விட்டால் எல்லாச் சுமையும் சிபியுவின் தலையில் விழுந்து, மின்விசிறி கத்தத் தொடங்கும். அதைவிடப் பழைய கணினி என்றால், அது குடிக்கும் மின்சாரத்தை நினைத்து விட்டுவிடுங்கள். 24 மணி நேரமும், ஆண்டு முழுவதும் ஓடப்போகும் இயந்திரம் இது.

கேமரா வாங்கும்போது ஆன்விஃப், ஆர்டிஎஸ்பி இரண்டையும் ஆதரிக்கிறதா என்று பாருங்கள். ஆன்விஃப் என்பது 2008-இல் ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொதுத் தரம். வெவ்வேறு நிறுவனக் கேமராவும் மென்பொருளும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி. அதில் ப்ரொஃபைல் எஸ் அடிப்படை வீடியோவுக்கு. எச்.265-உம் வேண்டும் என்றால் ப்ரொஃபைல் டி. ஆர்டிஎஸ்பி என்பது படம் ஓடி வரும் வழி, வழக்கமாக 554-ஆம் போர்ட். பல கேமராக்களில் ஆன்விஃப் முதலில் அணைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கி, அதற்கென்று தனிப் பயனர் பெயர் ஒன்றையும் உருவாக்கினால்தான் மென்பொருள் உள்ளே நுழையும். கடவுச்சொல் சரியாகக் கொடுத்தும் இணைக்க முடியாமல் தவிப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

ஒவ்வொரு கேமராவும் இரண்டு வீடியோ ஓடைகளை அனுப்பும். ஒன்று முழு அளவு, இன்னொன்று சிறிய அளவு. புதிதாக அமைப்பவர்கள் தவறும் இடம் இதுதான். முழு ஓடையைப் பதிவுக்கு மட்டும் கொடுங்கள். மென்பொருள் அதைத் திறந்து பார்க்காமல், வந்தபடியே வட்டில் எழுதட்டும். அசைவைக் கண்டுபிடிக்கும் வேலைக்குச் சிறிய ஓடை போதும், நொடிக்கு 5 ஃப்ரேம் இருந்தால் போதும். நண்பர் ஒருவர் நான்கு கேமராவுக்கே கணினி திணறுகிறது என்று புதுக் கணினி வாங்கக் கிளம்பிவிட்டார். போய்ப் பார்த்தால், நான்கு முழு ஓடைகளையும் அசைவு கண்டுபிடிக்கக் கொடுத்திருந்தார். மாற்றிய பிறகு அதே பழைய கணினி இன்றும் ஓடுகிறது.

கேமராவுக்குள் மாற்ற வேண்டிய சில அமைப்புகள்: ஃப்ரேம் வேகம் 15 போதும், 30 தேவையில்லை. முழுப்படம் எத்தனை ஃப்ரேமுக்கு ஒருமுறை வர வேண்டும் என்ற ஐ-ஃப்ரேம் இடைவெளியையும் 15 என்றே வையுங்கள், அதாவது நொடிக்கு ஒன்று. இடையில் வரும் ஃப்ரேம்கள் மாற்றத்தை மட்டும் சுமப்பவை. முழுப்படம் வரும் வரை மென்பொருளால் படத்தை ஆரம்பிக்க முடியாது. இடைவெளி கூடினால் நேரலை தாமதமாகத் திறக்கும், நிகழ்வின் முதல் நொடிகள் வெட்டுப்படும். எச்.265-க்குப் பக்கத்தில் கூட்டல் குறியோடோ 'ஸ்மார்ட்' என்ற அடைமொழியோடோ வரும் சேமிப்பு முறைகளை அணைத்துவிடுங்கள். அவை இந்த இடைவெளியைத் தன்னிஷ்டத்துக்கு நீட்டிக்கும். அந்தந்த நிறுவனத்தின் சொந்தப் பெட்டியோடு சரியாக ஓடும், வெளி மென்பொருளோடு மக்கர் செய்யும். படத்தில் சாம்பல் நிறம் வழிந்தது போல் தெரிந்தால், ஆர்டிஎஸ்பி அனுப்பும் முறையை யுடிபியில் இருந்து, வழியில் தொலைந்ததை மீண்டும் அனுப்பும் டிசிபிக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே மருந்து.

வட்டுக் கணக்கு எளிது. ஒரு கேமரா 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) அனுப்பினால், 8 பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு அரை மெகாபைட். ஒரு நாளுக்கு 86,400 நொடி, ஆகவே 43 ஜிபி சொச்சம். நான்கு கேமராவுக்கு நாளுக்கு 173 ஜிபி, 30 நாளுக்கு 5.2 டிபி. 4 டிபி வட்டு என்றால் 23 நாள் தாங்கும். இடைவிடாமல் பதிவு செய்வதா, அசைவு வந்தால் மட்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். இடைவிடாமல்தான், குறைந்தது ஒரு வாரத்துக்காவது. அசைவை மட்டும் பிடிக்கும் மென்பொருள் ஒருநாள் தவறவிடும், அது நமக்கு வேண்டிய நாளாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரு வாரம் வைத்துக்கொண்டு, ஆள் அல்லது வண்டி என்று அடையாளமிட்ட பகுதிகளை மட்டும் ஒரு மாதம் வரை வைத்திருங்கள். ஃப்ரிகேட்டில் இந்த இரண்டுக்கும் தனித்தனியே நாள் கணக்குக் கொடுக்கலாம். வட்டு, ஓயாமல் எழுதுவதற்கென்று செய்த கண்காணிப்பு வகையாக இருக்கட்டும். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் அந்த வகை. இயங்குதளம் தனி எஸ்எஸ்டியில் இருக்கட்டும்.

பாதுகாப்பைக் கடைசியில் சொன்னாலும் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியது. தொழிற்சாலையில் போட்ட 60-க்கும் மேற்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாக முயன்று பார்த்தது, அவ்வளவுதான். அதிலேயே லட்சக்கணக்கான கேமராக்களும் டிவிஆர் பெட்டிகளும் ரவுட்டர்களும் அதன் பிடிக்குள் விழுந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்களை (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் முகவரியைச் சொல்பவை) அந்தப் படை தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்காமல் போயின. யாரோ ஒருவர் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவும் அந்தப் படையில் இருந்தது, வீட்டுக்காரருக்குத் தெரியாமலே.

ஆகவே கேமராவை இணையத்தோடு பேசவே விடாதீர்கள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (இணையத்திலிருந்து வருவதை நேரே கேமராவுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) செய்யச் சொல்லும் எந்த வழிகாட்டியையும் மூடி வையுங்கள். கருவிகள் தாமே ரவுட்டரில் வழி திறந்துகொள்ளும் யுபிஎன்பி வசதியை ரவுட்டரிலும் கேமராவிலும் அணையுங்கள். க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் போனில் படம் வரும் பி2பி வசதியையும் அணையுங்கள். உங்கள் படம் யாருடைய சேவையகம் வழியாகப் போகிறது என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை. ரவுட்டரும் ஸ்விட்ச்சும் இடம் கொடுத்தால் கேமராக்களை ஒரு தனி விலேனில் (அதே கருவிகளுக்குள் பிரித்து வைத்த தனி வலையமைப்பு) வையுங்கள். இல்லையென்றால் பதிவுக் கணினியில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைப் போட்டு, கேமரா ஸ்விட்ச்சை அதில் மட்டும் இணையுங்கள். எளிய வழி, உறுதியான வழி. வெளியூரில் இருந்து பார்க்க வேண்டுமென்றால் வயர்கார்டு அல்லது டெயில்ஸ்கேல் வழியாக விபிஎன் (பூட்டிய சுரங்கப்பாதை போன்ற இணைப்பு) போட்டு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள்.

இப்படி அடைத்து வைத்தால் ஒரு பக்கவிளைவு உண்டு. கேமராவின் கடிகாரம் இணையத்தில் நேரம் கேட்க முடியாமல் மெல்ல விலகும். ஆரம்பத்தில் நான் இதைக் கவனிக்கவில்லை. சில மாதங்களில் ஒரு கேமரா 11 நிமிடம் பின்தங்கியிருந்தது. இரண்டு கேமராவில் ஒரே ஆள் வெவ்வேறு நேரத்தில் போவது போலத் தெரிந்தால் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது? பதிவுக் கணினியிலோ ரவுட்டரிலோ என்டிபி நேரச் சேவையை இயக்கி, எல்லாக் கேமராவும் அதையே கேட்கும்படி வைத்துவிடுங்கள். ஐபி முகவரிகளையும் நிலையாக ஒதுக்கிவிடுங்கள், ரவுட்டர் மறுதொடக்கம் ஆனால் கேமரா காணாமல் போகாது.

ஸ்விட்ச், பதிவுக் கணினி, ரவுட்டர் மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போடுங்கள். பிஓஇ என்பதால் கேமராக்களும் அதிலேயே உயிரோடு இருக்கும். பதிவுக் கணினி கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம், வருபவன் அதையும் தூக்கிக்கொண்டு போவான். பூட்டிய அலமாரியில் காற்று போக வழிவிட்டு வையுங்கள். முக்கியமான ஒன்றிரண்டு கேமராவில் மெமரி கார்டு போட்டு அதிலும் பதிவு ஓடட்டும். அதிகம் எழுதத் தாங்கும் எண்ட்யூரன்ஸ் வகைக் கார்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கேமரா உங்கள் எல்லையைத் தாண்டிப் பார்க்கிறதா என்பதையும் கவனியுங்கள். அடுத்த வீட்டு ஜன்னல் தெரிந்தால் கேமரா அமைப்பிலேயே அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது. மறைத்துவிட்டு, அதை அவர்களுக்கு ஒருமுறை காட்டியும்விடுங்கள். ஒலிப்பதிவுக்குப் பல நாடுகளில் படப்பதிவைவிடக் கடுமையான சட்டங்கள் உண்டு. உங்கள் ஊர்ச் சட்டம் தெரியும் வரை மைக்கை அணைத்தே வையுங்கள்.

நான்கையும் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். முதலில் ஒன்று வாங்குங்கள். ஒரு கம்பின் நுனியில் கட்டி, நினைத்த இடத்தில் தற்காலிகமாக நிறுத்தி, இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வீட்டில் ஒருவரை நடந்து வரச் சொல்லுங்கள். நேரலையில் பார்த்துத் திருப்திப்படாமல், பதிவைத் திறந்து, ஒரு ஃப்ரேமை நிறுத்திப் பாருங்கள். முகம் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் லென்ஸையோ இடத்தையோ மாற்றி மறுநாள் இரவு மீண்டும் நடக்கவிடுங்கள். தெரிந்த பிறகு சுவரில் துளை போடலாம், மற்ற மூன்றையும் வாங்கலாம்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். என் முதல் அமைப்பில் வட்டு பழுதானதை நான் ஏழு வாரம் கவனிக்கவில்லை. நேரலை அருமையாக ஓடிக்கொண்டிருந்தது, போனில் தினமும் பார்த்தேன். மிதிவண்டி காணாமல் போன அன்றுதான் பதிவைத் திறந்தேன், எதுவுமே இல்லை. இப்போது வட்டு எழுத மறுத்தாலோ கேமரா ஐந்து நிமிடம் பேசாவிட்டாலோ போனுக்குச் செய்தி வரும்படி வைத்திருக்கிறேன். அதையும் முழுக்க நம்பாமல், மாதத்தின் முதல் நாள் ஒவ்வொரு கேமராவிலும் மூன்று நாளுக்கு முந்தைய இரவு 2 மணிப் பதிவைத் திறந்து, ஒரு நிமிடத் துண்டை வெளியே எடுத்து, வேறொரு கணினியில் ஓட்டிப் பார்க்கிறேன். நான்கு கேமராவுக்குப் பத்து நிமிடம் ஆகும். சிலந்தி வலை துடைக்கும் நாளும் அதுவே.